ஏலூரில் இறக்கிய மூட்டைகள்

அக்காவுக்கு அது தலைப்பிரசவம். அவளை வங்காளத்துக் கரக்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். ஏழாம் மாதத்தில் ராயபுரத்துக்கு அழைத்து வருவதாக இருந்தது. அதற்குள் அவளுக்குக் கால் வீங்கிப் போயிற்று. ரயிலில் ஏற்றக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள்தான் போக வேண்டும் என்றாயிற்று. அம்மாவும் நானும். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு இன்னும் கல்யாணமாகவில்லை.

எங்கள் நைனா வரவில்லை. கட்டுமரத்தில் கரை மறைகிற தூரம் போய் வருகிறவர்தான், ஆனால் ரயில் என்றால் ஆகாது. "கடல்ல வயி தப்புனா நச்சத்திரம் கீது. ரயில்ல தப்புனா எவனைக் கேப்பே?" என்றார்.

எங்கள் தெருவில் யாரும் வடக்கே கூடூரைத் தாண்டியதில்லை. ஆனாலும் ஆளுக்கொரு யோசனை இருந்தது. வெள்ளைப் புடவை கட்டாதே, கரித்தூள் அப்பிக்கொள்ளும். எஞ்சின் பக்கம் பார்த்து உட்காராதே, கண்ணில் நெருப்புப் பொறி விழும். புளிச்சோற்றில் தண்ணீர் படாமல் நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறு, இரண்டு நாள் தாங்கும். டிரங்குப் பெட்டியைச் சீட்டுக் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டு. டிக்கெட்டை இடுப்புச் சுருக்குப்பையை விட்டு வெளியே எடுக்காதே.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். அதனால் கட்டிய மூட்டையை அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதுமாக ஒரு வாரம் போயிற்று. பிள்ளைக்குப் பழந்துணி, பிரசவ மருந்துக்குச் சுக்கு, ஓமம், ஒரு மூட்டை அரிசி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிஸ்கட் டின் நிறைய நெத்திலிக் கருவாடு. மூடியைச் சுற்றி மைதாப் பசை தடவித் துணி ஒட்டியிருந்தாள்.

"இத்தனையும் யாரும்மா தூக்கறது?"

"ரயிலு தூக்கும். உனுக்கு இன்னா?"

சென்ட்ரலில் காலை வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறினோம். பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் அம்மா இரண்டு முறை எழுந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டாள். எண்ணூரில் கழிமுகத்துப் பாலம் வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீரில் யார் யாரோ வலை வீசிக்கொண்டிருந்தார்கள்.

"இப்பவே எறங்கி வூட்டுக்குப் பூடலாம் போல கீதுடி" என்றாள்.

வெயில் ஏற ஏற டின்னிலிருந்து வாசனை கசிந்தது. நெல்லூரில் ஏறிய ஒரு தெலுங்கு அம்மாள், பெரிய குங்குமப் பொட்டுக்காரி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தபடியே வந்தாள். அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு அக்காவின் நினைப்பு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும், "இன்னும் எம்மாந் தூரம்?" என்று எதிரே இருப்பவரைக் கேட்பாள். பதிலைக் கேட்டுவிட்டுப் பக்கத்திலிருப்பவரையும் கேட்பாள்.

பெஜவாடாவில், இப்போது விஜயவாடா என்கிறார்களே அங்கே, கூஜா காலியாகிவிட்டது. புளிச்சோறு தின்ற தாகம். நான் எழுவதற்குள் அம்மா கூஜாவோடு இறங்கிவிட்டாள். குழாயடியில் பெருங்கூட்டம். அவளுடைய பச்சைப் புடவை அதற்குள் நுழைவதைப் பார்த்தேன். விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. பச்சைப் புடவையைக் காணவில்லை.

கதவுக்கு ஓடினேன். குதித்தே இருப்பேன், யாரோ என் பின்னலைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். நெல்லூர் அம்மாள். "கூர்ச்சோ, கூர்ச்சோ" என்று என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். அம்மா பின்னால் ஏதாவது பெட்டியில் ஏறியிருப்பாள் என்று தெலுங்கில் சொன்னாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் பேசுகிற பாஷை, எனக்குப் புரிந்தது.

அந்தக் காலத்து வண்டியில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு உள்ளே நடந்து போக வழி கிடையாது. அடுத்த ஸ்டேஷன் வரும்வரை அம்மா வண்டியில் இருக்கிறாளா, பெஜவாடாவில் நிற்கிறாளா என்று தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு டிக்கெட்டும் அவள் இடுப்பில். என்னிடம் ஆறு மூட்டைகள்.

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அம்மா பெஜவாடாவில் நின்றுவிட்டால் நான் அடுத்த ஸ்டேஷனான ஏலூரில் இறங்கித் திரும்ப வேண்டும். நான் இறங்கிய பிறகு அவள் வண்டியிலேயே போய்விட்டால்? வெளியே வயலும் வாய்க்காலும் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசியில் இறங்குவதென்று முடிவு செய்து, மூட்டைகளைக் கதவுக்கு இழுக்க ஆரம்பித்தேன். டிரங்குப் பெட்டியின் சாவியும் அம்மாவிடம் இருந்தது. நல்ல வேளை, சங்கிலியை அவள் தளர்வாகப் போட்டிருந்தாள். பெட்டியைச் சாய்த்து உருவிவிட்டேன்.

ஏலூர் வந்தது. வண்டி நிற்பதற்குள் படுக்கைச் சுருட்டைத் தள்ளினேன். அரிசி மூட்டை, துணி மூட்டை, டின், கூடை. டிரங்குப் பெட்டியின் மறுமுனையை நெல்லூர் அம்மாள் பிடித்தாள். மூக்கைப் பொத்த அவளுக்குக் கை இல்லை.

"எறங்காதடீ! ஏய், எறங்காத!"

பிளாட்பாரத்தின் கோடியிலிருந்து அம்மா ஓடி வந்துகொண்டிருந்தாள். தலை அவிழ்ந்து, முகமெல்லாம் கரி. கடைசிப் பெட்டியில் பட்டாளத்துக்காரர்கள் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்களாம்.

"அறிவுகெட்டவளே, எதுக்குடி எறக்குனே?"

"நீ வந்தியோ இல்லியோன்னு எனுக்கு இன்னா தெரியும்!"

அழவும் நேரமில்லை. இருவரும் திட்டிக்கொண்டே மூட்டைகளை ஏற்றினோம். வண்டி கிளம்பி வேகம் பிடித்த பிறகுதான் அம்மா எண்ணிப் பார்த்தாள். கருவாட்டு டின் ஏலூர் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டது.

"அய்யோ, எம்பொண்ணுக்கு வச்சிருந்தேனே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டபோது, நெல்லூர் அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பிறகு நானும் சிரித்துவிட்டேன். அம்மா மட்டும் ராஜமுந்திரி வரை சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ தூரம் ரயிலில் போயிருக்கிறேன். அவரவர் டிக்கெட் அவரவரிடம் இருக்க வேண்டும். ஒருத்தியால் தனியே தூக்க முடியாததை எடுத்துப் போகக் கூடாது. தெருவில் இந்த இரண்டை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் கரக்பூரில் அக்கா புருஷன் சைக்கிளோடு நின்றிருந்தார். அம்மா வண்டி நிற்குமுன்பே கத்தினாள்: "எம்பொண்ணு எப்படி கீறா?"

"முந்தா நாளே பொறந்துடுச்சு. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அம்மா டிரங்குப் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்தாள். உடனே எழுந்துவிட்டாள்.

"வூடு எந்தப் பக்கம்?" என்று கேட்டு, பதில் வருமுன்பே நடக்கத் தொடங்கினாள், நேர் எதிர்த் திசையில்.