பாய் இறக்கிய வள்ளத்தில் ஒரு சினிமாப் பாட்டு

வானொலியில் அந்தப் பாட்டைப் போடும்போதெல்லாம் அறிவிப்பாளர் அதற்குப் பின்னால் உள்ள கதையையும் சொல்லுவார். ஒலிப்பதிவு நடந்த கொட்டகையின் தகரக் கூரையில் மழை கொட்டியதாம். மழை விடும்வரை காத்திருந்ததில் பாட வந்த நடிகைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டதாம். குரல் எழும்பாமல் அவர் தணிந்து பாடியதே படத்துக்குப் பொருந்திப்போனதாம். இருக்கலாம். மூதூர், கிளிவெட்டிப் பக்கத்துச் சனம் அந்தப் பாட்டை விடாமல் வைத்திருப்பதற்கு வேறொரு கதை இருக்கிறது. அது ஜப்பான்காரன் குண்டு போட்ட யுத்த காலத்தில், குடாவைக் கடந்த ஒரு வள்ளத்தில் நடந்தது. நானும் அந்த வள்ளத்தில் இருந்தேன்.

அப்போது எனக்குக் கலியாணமாகி ஒரு வருஷமும் ஆகவில்லை. திருகோணமலையில் கடற்கரைப் பக்கமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்குச் சீனன்குடா எண்ணெய்க் குதங்களில், கப்பல்களுக்கான அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகளில், குழாய் பொருத்தும் வேலை. விடிய லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுதுபடக் கொண்டுவந்து இறக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். புருஷன் கப்பல்களுக்கு முட்டையும் காய்கறியும் கொடுக்கிற வியாபாரி. மனைவி கிண்ணியாக்காரி, என்னைவிட மூத்தவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவதுபோல நான் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லாத வீடு, ஆனால் கிராமபோன் இருந்தது.

அந்தப் படம் ஊருக்கு வந்தபோது நானும் ராத்தாவும் சேர்ந்துதான் போய்ப் பார்த்தோம். வெள்ளம் போகிற ஆற்றங்கரையில் கதாநாயகி நிற்கிறாள். அக்கரைக்குப் போன புருஷன் திரும்பவில்லை. கொஞ்சம் மெல்லப் போகச் சொல்லி ஆற்றைக் கெஞ்சுகிறாள். அவ்வளவுதான் பாட்டு. ராத்தாவின் புருஷன் அதன் இசைத்தட்டைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தார். பின்னேரங்களில் வேலியோரம் நின்று நானும் கேட்பேன்.

கொழும்பில் குண்டு போட்டாச்சு என்ற செய்தி வந்த அன்று கிராமபோன் நின்றுபோனது. அடுத்தது திருகோணமலைதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊரை விட்டுப் போகிற சனத்தை ஏற்றிக்கொண்டு வண்டிகள் சாம்பல்தீவுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன.

"நீர் கிளிவெட்டிக்கு என்ர அக்கா வீட்டை போம்," என்றார் என் கணவர்.

"நீங்களும் வந்தால் போறன்."

"எனக்கு லீவு தரமாட்டினம். கேட்டாலே ஏச்சுத்தான் விழும்."

"அப்ப நானும் போகேல்லை."

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ராத்தாவின் புருஷன் வெட்டிக்கொண்டிருந்த பதுங்குகுழிக்கு மண் அள்ளப் போனார்.

அபாயச் சங்கு ஊதிய காலையில் அவரை லொறி ஏற்றிப்போய்க் கனநேரம் ஆகியிருக்கவில்லை. நான் குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். சங்கு முந்தியும் ஊதியிருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது ஓயுமுன்னமே பீரங்கிகள் வெடிக்கத் தொடங்கின. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ராத்தா முன்னமே குழிக்குள் இருந்தார். குழியின் அடியில் கடல் நீர் ஊறிக் கணுக்கால்வரை நின்றது. ஒவ்வொரு குண்டுக்கும் பக்கச் சுவரிலிருந்து மணல் கழுத்துக்குள் சொரிந்தது. ராத்தா கலிமா சொன்னபடி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்குத் தேவாரம் ஒன்றுமே வாயில் வரவில்லை. வீடு நிற்கிறதா, தெரு நிற்கிறதா என்றுகூட நான் நினைக்கவில்லை. சீனன்குடாப் பக்கம் எத்தனை சத்தம் கேட்கிறது என்பதை மட்டும் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் மற்றவற்றைப் போலில்லை. அது காதில் கேட்கவில்லை, நிலத்துக்குள்ளால் வந்து வயிற்றில் இடித்தது.

வெளியே வந்தபோது சீனன்குடாத் திசையில் கரும்புகை மலைபோல எழும்பி நின்றது.

லொறி நிற்கும் சந்திக்கு ஓடினேன். வேறு பெண்களும் நின்றார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அந்தப் பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஒருவரை மறித்தோம். அவருடைய கண்ணிமையெல்லாம் கரி.

"ஒரு பிளேன் வந்து குதத்துக்கு மேலேயே விழுந்தது. கிட்டப் போக ஏலாது, அப்பிடி நெருப்பு," என்றார்.

"வேலையாக்கள்?" என்று நான்தான் கேட்டேன்.

"தெரியாது, பிள்ளை. ஓடினவையும் இருக்கினம்."

ஓடாதவர்களைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பொழுதுபட்டும் லொறி வரவில்லை.

மறுநாள் காலை ராத்தாவின் புருஷன் குடாவுக்கு அக்கரையில் இருக்கிற மூதூருக்கு ஒரு பாய் வள்ளம் பிடித்துவிட்டு வந்தார். திரும்பவும் குண்டு போடுவார்கள் என்று ஊர் முழுக்கக் கதை. நான் வாசற்படியை விட்டு எழும்பவில்லை.

"அவர் வந்து பாக்கேக்கை நான் இல்லையெண்டால்?"

"வந்தா அக்கா வீட்டுக்குத் தேடி வருவார். நீ இங்க தனிய நிக்க ஏலா புள்ள," என்றார் ராத்தா. பிறகு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "நீ வராட்டி நானும் போகல்ல," என்றார். அவர் அதைச் செய்யக்கூடியவர். அதனால் எழும்பினேன்.

வள்ளத்தில் நெருக்கியடித்து ஏறினோம். சாக்குகள், கோழிகள், ஒரு தையல் மெஷின். குடாவின் நடுவுக்கு வந்த பிறகு திரும்பிப் பார்த்தால் புகை அப்படியே நின்றது. அந்தப் புகைக்குள் அவர் இருக்கிறார், நான் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் விமானச் சத்தம் கேட்டது.

"பாயை இறக்கு!" என்று வள்ளக்காரர் கத்தினார். "வெள்ளைப் பாய் தூரத்துக்குத் தெரியும். எல்லாரும் குனியுங்கோ. ஒருத்தரும் அசையக்கூடாது."

பாய் எங்கள் மேலேயே விழுந்தது. அதன் கீழே ஒருவர் மேல் ஒருவர் சரிந்து கிடந்தோம். வள்ளம் திசையில்லாமல் ஆடியது. யாருடைய விமானம் என்று தெரியாது. அது போனது, பிறகு திரும்பி வந்தது. ஒரு குழந்தை வீரிட்டது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். ஒரு கிழவர் எழும்பித் தண்ணீரில் குதிக்கப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் இழுத்துப் பிடித்தார்கள். வள்ளம் ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. எல்லோரும் ஒன்றாக எழும்பியிருந்தால் அத்தோடு கவிழ்ந்திருப்போம்.

அந்த நேரத்தில் ராத்தா பாடத் தொடங்கினார். அதே ஆற்றங்கரைப் பாட்டு. பாட்டு என்று சொல்ல ஏலாது, அப்படிச் சின்னக் குரல். என் காதுக்குப் பக்கத்தில் அவர் உதடு உலர்ந்து ஒட்டிப் பிரியும் சத்தமும் சேர்ந்து கேட்டது.

"பாட்டுப் பாடுற நேரமா இது?" என்று யாரோ ஒருவர் சீறினார்.

"பாடட்டும்," என்றார் வள்ளக்காரர். "மேல இருக்கிறவனுக்குக் கேக்காது."

இரண்டாவது அடியில் நானும் சேர்ந்தேன். எனக்குப் பாட வராது. ஆனால் அந்தப் பாட்டில் மேலே ஏறவேண்டிய இடமே இல்லை. மூச்சு இல்லாதவரும், தொண்டை அடைத்தவரும் அதைப் பாடலாம். பாயின் கீழே இன்னும் இரண்டு மூன்று பெண் குரல்கள் வந்தன. தாய் குழந்தையின் வாயிலிருந்து கையை எடுத்தாள். பயம் போகவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே அடிக்காகக் காத்திருந்தோம், அதனால் யாரும் எழும்பவில்லை. சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் பாயைத் தூக்க யாருக்கும் துணிவு வரவில்லை. அதே நாலு அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தோம்.

அந்த வள்ளத்தில் வந்தவர்கள் மூதூரைச் சுற்றிய கொட்டியாரத்து ஊர்களுக்கெல்லாம் பிரிந்து போனார்கள். படத்தைப் பார்க்காத, கிராமபோனைக் காணாத சனம் அவர்கள் வாயிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்டது. கிளிவெட்டி வயலில் களை பிடுங்கும் பெண்கள் அதைப் பாடியதை நானே கேட்டேன். சில சொற்கள் மாறியிருந்தன, மெட்டு மாறவில்லை. பிறகு எத்தனையோ படங்களும் பெரிய பெரிய பாட்டுகளும் வந்துவிட்டன. அவற்றைப் பாடக் குரல் வேண்டும். இதைப் பயந்தவர்களும் பாடலாம். அது நிலைத்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

ராத்தாவும் புருஷனும் மூதூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். நான் வண்டியில் கிளிவெட்டிக்குப் போனேன். என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. அவர் கேட்காமலே அழத் தொடங்கினார். எனக்கு அழவும் பயம். அழுதால் அது நடந்துவிட்டது என்று ஆகிவிடும் போலிருந்தது. நாய் குரைத்தாலும் வாசல் படலை அசைந்தாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். சித்திரை வருஷப் பிறப்பு வந்து போனது. அந்த வீட்டில் அன்றைக்குப் பொங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் அவர் வந்தார். வண்டிப் பாதையால் நடந்து வந்து படலையைத் திறந்துகொண்டு நின்றார். புருவம் இல்லை. ஒரு கை துணியால் சுற்றியிருந்தது. அவரிலிருந்து எண்ணெய் மணம் அடித்தது.

"காட்டுக்குள்ள ஓடினனாங்கள்," என்றார். "பிறகு பட்டாளத்துக்காரங்கள் பிடிச்சு எண்ணெய்ப் பீப்பா உருட்ட விட்டவங்கள். வீட்டை போக விடேல்லை."

"சாப்பிட்டீங்களோ?" என்று மட்டும் கேட்டேன்.

"முதல்ல தண்ணி தாரும்."

குடித்துவிட்டுக் குளிக்கக் கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போய் நின்றேன். ஒற்றைக் கையால் வாளியை இழுத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"ஏன் நிக்கிறீர்?"

"சும்மா," என்றேன். அவர் குளித்து முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நான் அசையவில்லை.