பத்தொன்பது படியும் ஒற்றைச் செருப்பும்

எழுபத்தொரு வயதில்தான் என்னை ஒருவர் முதன்முதலாக வேலைக்குக் கூப்பிட்டார். அதற்கு முன் முப்பத்தாறு வருடம் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் கோப்பு எண்ணியிருக்கிறேன். அங்கே யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள், மாற்றல்தான் போடுவார்கள். ஓய்வுக்குப் பிறகு அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் உள்ள கிளினிக்கில் டோக்கன் கொடுக்க உட்கார்ந்தேன். அதுவும் யாரும் கூப்பிட்டு அல்ல. இருமலுக்காகப் போனவன், வரிசையில் இரண்டு பேர் அடித்துக்கொள்வதைப் பொறுக்காமல் எல்லோரையும் எண்ணி உட்கார வைத்தேன். மறுநாளும் போய் எண்ணினேன். டாக்டர் ஒரு நாற்காலி போட்டார். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

கிளினிக் மாடியில். படிகள் பத்தொன்பது. கழிப்பறை கீழே, கட்டடத்தின் பின்பக்கம். எனக்கு நீர் பிரிவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தவரும் அதே டாக்டர்தான். ஒரு மாலைக்கு ஆறு முறை இறங்கி ஏறினால் இருநூற்று இருபத்தெட்டு படி. இந்தப் பெருக்கலை எனக்கு முன்பே என் வலது முழங்கால் போட்டு வைத்திருந்தது.

என் தொழிற்கருவி ஒரு துணிப் பை. அதற்குள் எண் எழுதிய பிளாஸ்டிக் வில்லைகள். முதலில் நாற்பது இருந்தன. இரண்டை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ஆகவே முப்பத்தெட்டு. ஒன்றாம் எண்ணை மட்டும், ஊசி போட வந்த ஒரு குழந்தை விளிம்பெல்லாம் கடித்துக் குதறியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் அதை விரல் கண்டுபிடித்துவிடும்.

இப்படியிருக்கும்போது தெருமுனையில் புதிதாக ஒரு கிளினிக் திறந்தார்கள். அதன் மேனேஜர் பெண் ஒருநாள் காலை என்னைக் காய்கறிக் கடையில் பிடித்தாள்.

"அங்கிள், இந்த ஏரியா கூட்டத்த உங்களாலதான் கன்ட்ரோல் பண்ண முடியும்னு எல்லாரும் சொல்றாங்க. எங்ககிட்ட வந்துடுங்களேன். கிரவுண்ட் ஃப்ளோர், ஏசி."

"ரெஸ்ட் ரூம்?"

"பக்கத்துலயே அங்கிள்."

அன்றே போய் எண்ணிப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து பதினோரு அடி, சமதளம். பத்து நாளில் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

காரணம் ஒரு செருப்பு. ஏரி உடைந்து எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வருடம், எனக்கு மார்பு அடைத்துக்கொண்டது. டாக்டர் பி.பி. மெஷினைத் தலைமேல் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நடந்து வந்தார். பார்த்துவிட்டு, வாயு என்றார். ஆனால் வந்த வழியில் அவருடைய செருப்பு ஒன்று போய்விட்டது. வலது கால், நல்ல தோல். நான் அதையே சொல்லிச் சொல்லி வருந்தியதற்கு, "விடுங்க சார், போன ஜென்மத்துல உங்க செருப்ப நான் திருடியிருப்பேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் ஜென்மத்தைப் பற்றிச் சொன்னதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது? நிஜமாகவே அவர் திருடியிருந்தால் அந்தக் கர்மா அன்றே கழிந்துவிட்டது, நான் போகலாம். பேச்சுக்குச் சொல்லியிருந்தால் போகக்கூடாது. இதை நான்கு நாள் யோசித்தேன்.

"செருப்புக்கு விசுவாசமா இருக்கற முதல் ஆள் நீங்கதான்" என்றாள் என் மனைவி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லியிருக்கு."

"அவர் எங்க உப்பு போட்டார்? உங்க சாப்பாட்டுல இருந்த உப்பையும் நிறுத்தினவர் அவர்."

உப்பை நிறுத்தியவரை எவ்வளவு நாள் நினைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி வைக்கவில்லை. ஆகவே ஐந்தாம் நாள் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ப் பூப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, சாமி முன் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் இரு, வெள்ளை என்றால் போ. அம்மாவோடு பிரதட்சிணம் வந்த ஒரு சின்னப் பெண் எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு. முழங்கால் சுருக்கென்றது. இன்னொரு முறை என்றேன். வெள்ளை. செருப்பு ஞாபகம் வந்தது. மூன்றாவது முறையும் சிவப்பு.

"அஞ்சுக்கு எத்தனைன்னு பார்த்துடலாமே" என்றேன்.

குருக்கள் தட்டை நகர்த்தி வைத்தார். "பிள்ளையார் என்ன தேர்ட் அம்பயரா? திரும்பத் திரும்ப ரிவ்யூ கேக்கறேளே! டாக்டரும் நீங்களும் நன்னா சேந்தேள்."

"எந்த டாக்டர்?"

"உங்க டாக்டர்தான். போன வாரம் எனக்கு பி.பி. பாக்க வந்தார். போறச்சே, 'எனக்கும் ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்'னார். பெரும்பாக்கம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரில கூப்பிடறாளாம். 'டோக்கன் குடுக்கற பெரியவரை இந்த வயசுல விட்டுட்டுப் போனா பாவமில்லையா'ன்னு கேட்டார். சிவப்பு வந்தது. ஒத்துக்கலை. நாலு தடவை போட்டோம்."

எனக்கு மூன்றோடு நிறுத்திய குருக்கள் அவருக்கு நான்கு போட்டிருக்கிறார் என்பதுதான் முதலில் உறைத்தது. மற்றது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. அவருக்காக நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்காக அவர் பெரிய ஆஸ்பத்திரியை விட்டுக்கொண்டிருக்கிறார். இதில் யாருக்கு என்ன புண்ணியம்?

அன்று மாலை கடைசி நோயாளி படியிறங்கியதும் உள்ளே போனேன்.

"டாக்டர், பிள்ளையார் எல்லாத்தையும் சொல்லிட்டார்."

அவர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டுவதை நிறுத்தினார். "பிள்ளையாரா, குருக்களா?"

"யாரா இருந்தா என்ன? நீங்க போங்க. என்னால நிக்காதீங்க."

"நீங்க மட்டும் என்னவாம்? முனை கிளினிக் பொண்ணு என்கிட்டயே வந்து உங்க குணம் எப்படின்னு விசாரிச்சுட்டுப் போச்சு."

"என்ன சொன்னீங்க?"

"தங்கமான மனுஷன், அடிக்கடி பாத்ரூம் போவார்னு சொன்னேன்."

ஆக இரண்டு பேருமே போகலாம் என்று ஆயிற்று. யார் முதலில் என்பதில்தான் சிக்கல் வந்தது. முதலில் போகிறவன் நன்றி கெட்டவன், இரண்டாவது போகிறவன் பாவம் என்றுதான் தெரு பேசும்.

"நான் முதல்ல போறேன் சார். பழி என்மேல வரட்டும்."

"உங்க பேர் கெட்டுப்போகும் டாக்டர். எனக்குப் பேர்னு ஒண்ணு இருந்தாத்தானே கெடறதுக்கு?"

கால் மணி நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் அவர், "டோக்கன் எடுப்போம். யாருக்குச் சின்ன நம்பர் வருதோ அவங்க முதல்ல" என்றார். பையை எடுத்து வர நான் என் மேஜைக்குப் போனேன். அங்கிருந்து அவர் அறைக்கு ஏழு அடி. மூன்றாவது அடியில் ஒன்றாம் எண் என் இடது கைக்கு வந்துவிட்டது. சாமியிடம் செல்லாத தந்திரம் ஆசாமியிடம் செல்லாதா?

அவர் முதலில் கையை விட்டார். உடனே எடுக்கவில்லை. ஒவ்வொரு வில்லையின் விளிம்பையும் தடவித் தடவி, பைக்குள் விரல்கள் எதையோ தேடின.

"என்ன டாக்டர், கட்டி ஏதாவது தட்டுப்படுதா?"

அவர் வேண்டாவெறுப்பாக ஒன்றை எடுத்தார். இருபத்து மூன்று. பையை இடது கைக்கும் வலது கைக்கும் மாற்றிப் பிடித்ததில் வில்லையும் இடம் மாறியது. நான் கையை விட்ட வேகத்திலேயே ஒன்றாம் எண்ணோடு வெளியே எடுத்தேன்.

அவர் அந்தப் பல்தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அடியிலயா சார் இருந்துது?"

"அடியிலதான் டாக்டர்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பி.பி. மெஷினைப் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை முனை கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். டாக்டர் மூன்று வாரம் கழித்துப் பெரும்பாக்கம் போனார். இடைப்பட்ட நாட்களில் தெரு என்னைச் சும்மா விடவில்லை. கெட்டிமேளம் போலத் திட்டினார்கள். டாக்டரும் போகப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முழங்கால் வலி பாதியாகக் குறைந்திருந்ததால் எதையும் தாங்க முடிந்தது.

நேற்று பூக்காரம்மா சளிக்கு மருந்து வாங்க வந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையைத் தரையில் இறக்கினாள்.

"இன்னா பெருசு, அம்மாம் நல்ல டாக்டர அம்போன்னு வுட்டுட்டு, இங்க ஏசில வந்து குந்திகினு கீறியே, நல்லாவா கீது? அந்தாளு மனசு ஒடஞ்சுதான் எங்கியோ பூட்டாரு."

"இதைக் கேக்கறதுல நீ பதினேழாவது ஆளும்மா" என்றேன். "உன் நம்பர் அஞ்சு. உட்காரு."