நடுவில் பிரித்த ஒயர்

ராஜாக்கண்ணு வெறுங்கையோடு சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறான். ஒயர் போகவேண்டிய வழி முழுக்க ஒருதரம் நடந்து முடித்தால்தான் கட்டிங் பிளேயரைத் தொடுவான். படவேட்டிலிருந்து ஸ்கூட்டரில் மலையேறி வருகிற ஒயர்மேன். எங்கள் சாமை மில்லில் ஆறு மெஷின். ஒவ்வொன்றின் சூடும் வேகமும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிய இரட்டை ஒயர் இழுத்தவன் இவன்தான்.

சட்டைப் பையில் பெண்டாட்டியின் நகப்பூச்சு சீசா இருக்கும். ஒரு ஒயருக்குச் சிவப்புப் பொட்டு வைப்பான், மற்றதை மூளியாக விடுவான். மாறிப்போகாதாம். டீயை ஆறவைத்துக் குடிப்பான். பேச்சு கம்மி, வீம்பு ஜாஸ்தி.

புருஷன் போனபிறகு இங்கே சாமையில் கல் பொறுக்குகிறேன். ஒருநாள் என்னிடம் வேலையை விளக்கினான். "தளம் போடசொல்ல வரிசையா நின்னு சட்டி கைமாத்துவாங்க இல்ல ஆயா, அதான். ஒயர் ஒரு மெஷின்ல பூந்து வெளிய வந்து அடுத்ததுக்குப் போவணும். நடுவுல ஒருத்தன் திரும்பி வேற பக்கம் நீட்டினா அல்லாம் கொயம்பிப் பூடும்."

சொன்னவனே அதைச் செய்தான். போன மாசம் ஏழாவதாக, சாமையைக் காயவைக்கிற டிரையர் வந்தது. கடைசி மெஷினிலிருந்து சுவரைச் சுற்றிப் போக ஒயர் பத்தவில்லை. வீட்டு லைட்டுக்குப் பிரிப்பதுபோல பாதி வழியில் இருந்த ஒயர்ப் பெட்டியிலிருந்தே ஒரு கிளை பிரித்துவிட்டான். ஏன் என்றேன். என் வேலையைப் பார்க்கச் சொன்னான்.

புதன்கிழமை டிரையரில் இரண்டு மூட்டை சாமை கருகியது. கம்ப்யூட்டரோ சூடு ஐம்பது என்றே காட்டிக்கொண்டிருந்தது. டிரையரைப் பார்த்துக்கொள்ளும் ரஞ்சித்குமார் தூங்கிவிட்டான் என்று மேனேஜர் புவனா முடிவுகட்டி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றாள். அவன் வீட்டில் கைக்குழந்தை. கம்ப்யூட்டரை நம்பியதுதான் அவன் செய்தது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

டிரையரின் சூட்டு மீட்டரைச் சோதிக்க வந்திருந்த ராஜாக்கண்ணு, மீட்டரில் கோளாறு இல்லை என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

"வாயில இன்னா, கொழுக்கட்டையா?" என்றேன்.

புவனா பக்கம் திரும்பினான். "அவன வுடுங்க மேடம். நடுவுல ஒயரைப் பிரிச்சது நான். சிக்னல் அடிபட்டு, கம்ப்யூட்டரு பழைய சூட்டையே காட்டிக்கினு இருந்துக்குது."

"தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

"தெரிஞ்சுதான்."

அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று நிற்கவில்லை. ஏணியைச் சாய்த்து ஏறி, தான் போட்ட இணைப்பைத் தானே நறுக்கினான். ஏணி ஆடியது. ரஞ்சித்குமார் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டான்.