டெல்மர் நம்பிய தரை

டெல்மர் ஸ்குபிக்கைப் போல ஒரு பிடிவாதக்காரன் மிச்சிகன் முழுக்கச் சலித்தாலும் கிடைக்கமாட்டான். பிராக்டன் கார் ஆலையில் கதவு மாட்டும் இடத்தில் எனக்கு எதிரே நிற்பவன். இடது கதவு எனக்கு, வலது கதவு அவனுக்கு. நடுவே நகர்ந்து போகும் காரின் ஜன்னல் வழியாகத்தான் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டோம், பாதிப் பேச்சு சண்டைதான்.

எங்கள் ஊரில் வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவனை மனுஷனாகவே மதிப்பதில்லை. அப்படி ஒன்றில் வேலைக்கு வந்தால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சேற்றில்தான் நிறுத்த வேண்டும். என் அண்ணன் மகன் ஒரு வெளிநாட்டுக் காரில் என்னைப் பார்க்க வந்தபோது, டெல்மர் அவன் நீட்டிய கையைக்கூடத் தொடவில்லை. "இவன் நம்ம சோத்துல மண்ணப் போடுறான் மேவிஸ்" என்று அவன் முன்னாலேயே என்னிடம் சொன்னான்.

அந்தக் குளிர்காலம் பிராக்டன் தள்ளாடிக்கொண்டிருந்தது. விற்காத கார்கள் சந்தைத் திடலில் பனி மூடிக் கிடந்தன. பெரிய முதலாளிகள் வாஷிங்டனில் அரசாங்கத்திடம் கடன் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். டிவியில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் பிராக்டன் பிழைக்குமா, பிழைக்காதா என்ற ஒரே பேச்சு. ஒருநாள் சீட் ஏற்றி வந்த லாரி வாசலிலேயே நின்றது. ரொக்கம் வைத்தால்தான் இறக்குவேன் என்று டிரைவர் சொல்லிவிட்டான். யாரும் வைக்கவில்லை, அவன் திரும்பிப் போய்விட்டான். அன்று முழுவதும் சீட் இல்லாத கார்கள் என் முன்னால் நகர்ந்து போயின.

அந்த வாரம்தான் டென்னசியில் இருக்கும் பிராக்டன் ஆலைக்குக் கொஞ்சம் பேர் மாறிப் போகலாம் என்று அறிவித்தார்கள். போகிறவர்களுக்கு சர்வீஸும் மருத்துவக் காப்பீடும் அப்படியே தொடரும். இங்கேயே இருந்து, இந்த ஆலை மூடினால் இரண்டும் போச்சு.

டெல்மருக்கு அந்தக் காப்பீடுதான் எல்லாம். அவன் மனைவி கிளென்டாவுக்கு மூட்டுவாதம். ஊசி போட்டால் தானே சட்டை பட்டன் போட்டுக்கொள்வாள். போடாவிட்டால் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாது. அந்த ஊசியின் விலையை எங்கள் சம்பளத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதனால் கிளென்டாவே அவனைப் பிடித்துத் தள்ளி, யூனியன் ஆபீசில் பெயர் கொடுக்க வைத்தாள். நானும் கொடுத்திருந்தேன். வீங்கின விரல்களோடு கடை கடையாக அட்டைப் பெட்டி கேட்டு வாங்கி, தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்க ஆரம்பித்தாள்.

பெயர் கொடுக்கவோ, கொடுத்ததைத் திரும்ப எடுக்கவோ வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை காலை நாங்கள் உள்ளே போனால், பெயிண்ட் வாடை மூக்கைத் துளைத்தது. ஓடாமல் கிடந்த இரண்டாம் உற்பத்தி வரிசையின் இயந்திரங்களை ஓரங்கட்டிவிட்டு, தரை முழுக்கப் புதிதாகச் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் அர்த்தம் எங்கள் ஆலையில் எல்லோருக்கும் தெரியும். புது மாடல் கார் வருவதற்கு முன்னால்தான் தரைக்கு வண்ணம் அடிப்பார்கள். டெல்மரின் அப்பா காலத்திலிருந்து அது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. கிழடுகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் தொப்பியைத் தூக்கி எறிந்து பிடித்தான்.

"பாத்தியா? பாத்தியா மேவிஸ்? செத்துப் போற கம்பெனி தரைக்கு பெயிண்ட் அடிக்குமா?" என்று டெல்மர் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கத்தினான்.

"மஞ்சக் கோடு எங்கடா? வரிசை எங்க ஓடணும்னு முதல்ல கோடு போடுவானுங்களே. பழைய கோட்டையும் சேர்த்தே அழிச்சிருக்கானுங்களே?"

"காயட்டும், போடுவானுங்க. நீ எதுலதான் நொட்டை சொல்லாம இருந்த?"

"கிளென்டாவ நினைச்சுப் பாருடா மடையா. பேர் அங்கயே கிடக்கட்டும். கோடு போட்டா அப்புறம் பாத்துக்கலாம்."

"அவளுக்காகத்தான் சொல்றேன். இங்க அவளுக்குப் பழகின டாக்டர் இருக்காரு, அவ தங்கச்சி இருக்கா. தெரியாத ஊர்ல கொண்டுபோய் அவள எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?"

அதற்குமேல் அவனிடம் பேச முடியுமா? மறுநாள் காலையிலேயே போய்ப் பெயரை அடித்துவிட்டு வந்தான். காத்திருந்த யாரோ ஒருவன் அந்த இடத்தை அப்போதே பிடித்துக்கொண்டான். நான் என் பெயரை எடுக்கவில்லை. அதற்காக டெல்மர் அன்று முழுவதும் என்னை ஓடுகாலி என்று கூப்பிட்டான்.

அன்று சாயங்காலம் யூனியன் ஹாலில் வழக்கமான மீன் வறுவல் விருந்து. டிவியில் செய்தி வந்தது: பிராக்டனுக்கு அரசாங்கக் கடன் கிடைத்துவிட்டது! கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல். நிபந்தனைகள் என்று டிவிக்காரி ஏதோ படித்துக்கொண்டே போனாள். அது யார் காதில் விழுந்தது? டெல்மர் கிளென்டாவைத் தூக்காத குறையாக அணைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியெல்லாம் கொளுத்தித் தள்ளு!" என்றான். அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. என் சந்தேகத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மதியம் ஒரு ஜெர்மன் கார் ஆலைக்கு வந்தது. வாசல் காவலாளி அதை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் விரட்டவில்லை. கதவைத் திறந்து உள்ளே விட்டு, தொப்பியைத் தொட்டு வணக்கமும் வைத்தான். எங்கள் வரிசையில் எல்லோரும் அதையே எட்டிப் பார்த்தார்கள்.

கோட்டும் சூட்டும் போட்ட மூன்று பேர் மேனேஜரோடு அந்தப் புதுத் தரையில் நடந்தார்கள். ஒருவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். இன்னொருவன் குனிந்து தரையைத் தட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற டெல்மரிடம் கேட்டான்.

"எவ்வளவு கனம் தாங்கும் இது?"

"எவ்வளவு வேணாலும் தாங்கும் சார். எங்கப்பா காலத்துத் தரை. எந்தப் புது மாடல் கொண்டாந்தாலும் ஓட்டிடலாம்" என்றான் டெல்மர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அந்த ஆள் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான். "இவங்ககிட்ட இன்னும் சொல்லலையா?" என்றான். மேனேஜர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்களுக்கு நாய்த் தீவனம் அடுக்கி வைக்கக் கிடங்கு வேணும்பா. கார் எல்லாம் இல்ல" என்று அந்த ஆளே சொன்னான்.

கடனுக்கு நிபந்தனை அதுதான். கம்பெனி பிழைக்க மூன்று ஆலைகளை விற்றுத் தலைமுழுக வேண்டும். அதில் ஒன்று எங்களுடையது. வாங்குகிறவன் கண்ணுக்கு நன்றாக இருக்கட்டும் என்றுதான் தரைக்குப் பூசியிருக்கிறார்கள். அயோக்கியப் பயல்கள்! அதை வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் இல்லை.

டெல்மர் அதற்குப் பிறகு வந்த கார்களுக்கும் கதவு மாட்டினான். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. ஜன்னல் வழியாக நான் கூப்பிட்டதற்கு அவன் நிமிரவேயில்லை. ஷிப்ட் முடிந்ததும் அவனை ஓட்டவிடாமல் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கிளென்டா கதவைத் திறந்தாள். தட்டுகளெல்லாம் திரும்ப அலமாரிக்கு ஏறியிருந்தன. கொல்லைப் பக்கப் பனியில் எரித்த இடம் கறுப்பாகத் தெரிந்தது.

"என்ன, ஓடுகாலியோட வந்திருக்க? கோடு போட்டுட்டானுங்களா?" என்று சிரித்தாள்.

டெல்மர் அவள் கைகளைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அடுத்த ஊசி என்னைக்கு?"