இரண்டு பாய்ப்படகும் ஒரு சட்டி நெத்திலிக் குழம்பும்

போன வாரம் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விரிசல். அடைக்க வந்தவர் ரெசினைக் கலக்கியதும் நெடி குப்பென்று ஏறியது. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே ஓட, நான் மட்டும் அங்கேயே நின்று இளித்துக்கொண்டிருந்தேன். "உனுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்றாள் மகள். என்னத்தைச் சொல்ல? என் இளவயது முழுக்க அந்த நெடிதான்.

காசிமேட்டுப் பக்கம் ஒரு ஃபைபர் படகுப் பட்டறை. நான் அங்கே ஆபீஸ் பெண். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு ஃபோன், சுற்றாத ஃபேன். லாஞ்சில் மீன்பிடிக்கப் போவதை விட்டுவிட்டு என் அப்பாவும், நைனா என்றுதான் கூப்பிடுவேன், அங்கேதான் ரெசின் தடவி ஃபைபர் ஒட்டும் வேலை பார்த்தார். கதவைத் திறந்தால் கடல். ஆனால் நான் ஒருநாளும் கடலுக்குள் போனதில்லை. "பொம்பள ஏறுனா வலையில மீனு வுழாது" என்பது நைனாவின் சட்டம். மீன் தின்றே வளர்ந்தவளுக்கு முழங்கால் நனைகிற வரைதான் கடல். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே!

அப்போதுதான் ஒரு பல் டாக்டரம்மா வந்தார். பாய் விரித்து ஊர் ஊராகப் போகிற படகு வாங்க அவருக்கு ஆசை. விலைக்கு வந்த இரண்டைப் பட்டறையில் நிறுத்தி, எது தேறும் என்று பார்க்கச் சொன்னார். நீளம் ஏறக்குறைய ஒன்றுதான்; வயது வித்தியாசம்தான் தாய்க்கும் மகளுக்கும் உள்ளது. பழசு குறுகல். ஃபைபர் வீட்டுச் சுவர் கனத்துக்கு இருக்கும், அடியில் ஈயம், உள்ளே தேக்கு, நட்ட நடுப்பகலிலும் இருட்டு. திருப்புவதற்கு வெறும் சுக்கான் கட்டை. புதுசோ பின்பக்கம் அகலம், எடையில் லேசு, உள்ளே பளபளப்பு, ஷவர் வைத்த குளியலறை, போதாக்குறைக்கு இரண்டு ஸ்டீயரிங்! புருஷன் பெண்டாட்டிக்கு ஆளுக்கொன்றா என்று கேட்டேன்.

நைனா பழசின் கட்சி. என்ஜின் பார்க்கும் பஷீர் மாமா புதுசின் கட்சி.

"மாமு, உன்து அலையில டப்பு டப்புனு அறையும். பல்லு கயண்டு பூடும்," என்பார் நைனா.

"கயண்டா டாக்டரம்மா கட்டிக்குவாங்க. உன்து போய்ச் சேர்றதுக்குள்ள கெயவனாயிடுவ!"

சண்டை ஓயவில்லை. கடைசியில் நைனா லாஞ்சுக்காரர்களின் வழக்கத்தை எடுத்துவிட்டார். புதுப் படகு கடலுக்குப் போனால் முதலில் அதில் குழம்பு வைப்பார்கள்; சட்டி கொட்டாமல் கரை சேர்ந்தால் படகு பாஸ். "ரெண்டுலயும் கொயம்பு வச்சிப் பாத்துரலாம்" என்றார்.

"யாரு வைக்கிறது?" என்றார் டாக்டரம்மா. இரண்டு ஆண்களும் வானத்தைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"நீ குந்து" என்றார் நைனா.

"இதுல வலையே இல்லியே நைனா!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நானும் பொம்பளதாங்க. நான் ஏறலாம், அவ ஏறக்கூடாதா? அவ வரட்டும்." நைனா ரெசின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் முதலில் புதுசு. துறைமுகத்தின் அலைதடுப்புக் கல்லைத் தாண்டிப் பாய் விரிந்ததும் பறந்தது பாருங்கள், நான் கூவிய கூவல் ராயபுரம் வரை கேட்டிருக்கும்! நைனா சொன்னபடி டப்பு டப்பென்று அறைந்தது. ஆனால் படகு சாயச் சாய அடுப்பு தானே ஆடி நேராக நின்றது. குழம்பு சொட்டுகூடக் கொட்டவில்லை. பஷீர் மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அடுத்து பழசு. என்ன சுகம்! அலையை அறையாமல் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது. குழம்பு கொதித்து வர, படகு மெல்லச் சாய, சட்டியும் கூடவே சாய்ந்து, மொத்த நெத்திலியும் தரையில்! டாக்டரம்மா குனிந்து பார்த்தார். அடுப்பின் இருபக்கமும் கெட்டியாக ஃபைபர் ஒட்டு.

"இதை யார் ஒட்டினது?"

"நாந்தாம்மா. லொடலொடன்னு ஆடிகினு இருந்திச்சி. நம்ப படகாச்சேன்னு நேத்து ஸ்டிராங்கா..." நைனாவின் குரல் தேய்ந்தது.

"ஐயோ, அது ஆடறதுக்குன்னே வச்சதுங்க!"

தன் செல்லத்தைத் தானே கவிழ்த்துவிட்டார் மனிதர். பஷீர் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நைனா சுக்கானை விட்டு எழுந்து, துணியைத் தேடிக்கொண்டே, "நீ புடி. நான் தொடச்சிட்டு வரேன்" என்றார் என்னிடம்.

பிடித்தேன். உயிருள்ள எதையோ பிடித்த மாதிரி கைக்குள் துடித்தது. நைனா துடைத்து முடித்தும் மேலே வரவில்லை. படியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். "கையி நல்லா கீதே" என்றார். துறைமுகக் கல் வரும்வரை நான்தான் ஓட்டினேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அது அலையில் போன சுகத்துக்காக டாக்டரம்மா பழசையே வாங்கிக்கொண்டு புதுச்சேரிப் பக்கம் போய்விட்டார். பட்டறை இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. குழம்பு கொட்டிய அன்று சாயங்காலம் அந்தக் கதையை நைனாவே தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "கொயம்பு கொட்ன படக யாரு கரைக்கு ஓட்டிகினு வந்தது தெரியுமா?" என்று ஆளாளுக்குக் கேட்டு, பதில் வருமுன் என்னைக் கைகாட்டினார். அந்தத் தெருவில் பாதி வீடுகள் இப்போது இல்லை. நைனாவும் இல்லை. அப்படி என்னைக் கைகாட்ட இனி ஒருவரும் இல்லை.