தலையை அசைக்கக் கூடாது

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் தம்பி ஜெர்மனியின் ஆஹென் நகரில் பொறியியல் படித்தான். அங்கே மாணவருக்கு அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. அவனுக்கோ ஒரு மாணவர் சங்கத்தின் பழைய மாளிகையில் இடம் கிடைத்தது. சுவரெல்லாம் வாள்கள், கன்னத்தில் தழும்போடு அந்தக் காலத்துக் கனவான்களின் படங்கள். பார்க்கப் போனபோதே எனக்கு அந்த முகங்கள் பிடிக்கவில்லை. அம்மா சமையலறை துப்புரவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை என்று பிறகுதான் தெரிந்தது. சங்கத்தில் முழு அங்கத்தவனாக வேண்டுமென்றால் ஒருமுறையாவது கூர்வாளோடு நிற்க வேண்டும். முன்பு மானம் போனதென்று கனவான்கள் வாளெடுத்து ஒருவரையொருவர் கொன்றார்களாம். இப்போது பகையும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. கண்ணுக்கு இரும்புக் கவசம், கழுத்துக்குத் தடித்த பட்டி. கன்னத்துக்கும் தலைக்கும் ஒன்றும் இல்லை. வெட்டு விழுந்தால் வைத்தியர் பக்கத்தில் நின்று தைப்பார். தலையை மட்டும் அசைக்கக் கூடாது. அசைத்தவன் கோழை.

"உனக்கென்ன விசரோ?" என்று கேட்டேன்.

"அக்கா, இஞ்சை வந்த நாளிலையிருந்து என்னைத் தங்களிலை ஒருத்தன் எண்டு கூப்பிட்டது இவங்கள்தான்" என்றான்.

எங்கள் வீட்டு ஒழுங்கு வேறு. ஊரில் பொம்பர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் அம்மா ஒரு சொல்தான் சொல்வார்: "படு." தம்பி நடக்கப் பழகும்போதே விழவும் பழகியவன். அப்பா ஒரு குண்டுவீச்சில்தான் போனார். எப்படி என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

வாளோடு நின்ற சனிக்கிழமை மத்தியானம் தம்பி வீட்டுக்கு வந்தான். முகத்தில் ஒரு கீறலும் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவனோ கதிரையில் இருந்து அழுதான். தொடக்கத்தில் கல்லுப்போல நின்றானாம். எதிரே நின்றவனின் வாள் இவனுடைய கண் கவசத்தில் பட்டுச் சத்தம் எழுந்ததும், நினைக்குமுன்னே தலை கீழே போய்விட்டது. உடனே நிறுத்திவிட்டார்கள். அடுத்த தவணை இன்னொரு சந்தர்ப்பம் தருவார்களாம்.

"நான் திரும்பவும் நிக்கப்போறன், அம்மா. என்னைக் கோழை எண்டு நினைச்சிட்டாங்கள்."

அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து அவன் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்தார்.

"உன்ரை அப்பா கோழையில்லை" என்றார். "படுங்கோ, படுங்கோ எண்டு பங்கருக்குள்ளை நிண்டு கத்தினனான். அவர் கிணத்தடியிலை அசையாமல் நிண்டு வானத்தைப் பாத்தவர்."

திங்கட்கிழமை தம்பி சங்கத்தின் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டிகளோடு எங்கள் இரண்டறை வீட்டுக்கே வந்து சேர்ந்தான். அந்தச் சிநேகிதர் ஒருவரும் அவனைத் தேடி வரவில்லை. அது அவனுக்கு வலித்தது, எனக்குத் தெரியும். ஆனால் சாப்பிட உட்காரும் நேரமெல்லாம் அம்மா தன் சோற்றை மறந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.