பெர்னதெத் அக்காவின் பி.டி. பீரியட்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெர்னதெத் அக்கா பிசியோதெரபிஸ்ட். பெங்களூரு விவேக் நகரிலிருந்து வைட்ஃபீல்டில் உள்ள ஒரு பள்ளிக்குப் பஸ்ஸும் மெட்ரோவும் மாறிப் போகிறார். தெருவில் நடந்துகொண்டே இட்லி சாப்பிடுவார். சட்டென்று கோபம் வரும். யாராவது பாராட்டினால் சந்தேகப்படுவார்.

ஆஸ்பத்திரி வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியின் வழவழப்பான தரையில் அழகாக நடக்கிற பிள்ளை, பள்ளியின் பாத்ரூம் வாசற்படியில் திகைத்து நின்றுவிடுகிறது. எங்கே நடக்க வேண்டுமோ அங்கேயே போய்ப் பழக்கினால்தான் உண்டு என்றார். நான் இந்த வருடம்தான் பள்ளிப் படிப்பை முடித்தேன். ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைக்கும் ஆளை அப்போதுதான் பார்த்தேன்.

அந்தப் பள்ளியின் வாசலில், சக்கர நாற்காலியில் ஒரு குழந்தை சிரிக்கும் பெரிய படம் இருக்கிறது. அப்படி ஒரு குழந்தை அங்கே படிக்கவில்லை. படம் கடையில் வாங்கியது. உள்ளே கண்ணாடியும் பெரிய ரப்பர் பந்தும் கலர் கலராக மெத்தைகளும் வைத்த தெரபி அறை. அட்மிஷன் கேட்டு வரும் பெற்றோருக்கு லேபைக் காட்டும் முன் அதைத்தான் திறந்து காட்டுவார்கள்.

கவின் அங்கே நான்காம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே கால்கள் விறைப்பு. நான்கு கால் வாக்கரைப் பிடித்து நடப்பான். அவனுக்கு வாரம் மூன்று முறை ஃபிசிக்கல் தெரபி வேண்டும் என்று அக்கா சொன்னார். ஸ்ரீரஞ்சனி மேடம்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பொறுப்பு. அவர் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஃபிசிக்கல் தெரபி, சுருக்கமாகப் பி.டி. டைம்டேபிளில் ஏற்கெனவே விளையாட்டுக்குப் பி.டி. பீரியட் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே, பாடமும் கெடாது என்று அதிலேயே போட்டுவிட்டார். இப்படி யோசிப்பதற்கு அவர் வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

மற்ற பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடும்போது கவின் அறைக்குள் போனான். ஜன்னல் மைதானத்தைப் பார்த்து இருந்தது. மெத்தையில் உட்கார்ந்து எழும்போதும் அவன் கழுத்து வெளியேதான் திரும்பியிருக்கும். யார் அவுட், யார் ஏமாற்றினான் என்று அக்காவுக்கு வர்ணனை சொல்வான். தன்னையும் மைதானத்தில் விடச் சொல்லி ஒரு நாள் கேட்டான். அடுத்த பீரியடிலும் கேட்டான். பிறகு ஒவ்வொரு பீரியடிலும் கேட்டான்.

அக்கா போய்ச் சண்டை போட்டார். பாதுகாப்பு, பெற்றோர் புகார் என்று ஸ்ரீரஞ்சனி மேடம் அடுக்கினார்.

"மத்தப் புள்ளைங்க விழுந்தா விளையாட்டு. இவன் விழுந்தா மட்டும் ஆக்சிடென்ட்டா மேடம்?" என்று அக்கா கேட்டார்.

கடைசியில் அனுமதி கிடைத்தது. மனம் மாறி அல்ல. ஆண்டு விழா டான்ஸ் உடைகளை வைக்க இடம் போதவில்லை, தெரபி அறையை எடுத்துக்கொண்டார்கள். விழா முடியும்வரை கவின் மைதானத்தில் இருக்கலாம்.

பிள்ளைகள் லகோரி ஆடுவார்கள். அடுக்கிய ஏழு கல்லை ஒரு அணி பந்தால் தள்ளிவிட்டுத் திரும்ப அடுக்க வேண்டும். முடிப்பதற்குள் எதிரணி பந்தால் அடித்தால் அவுட். வாக்கரை ஒரு கையால் பிடித்துக் குனிந்து, கல் வைத்து, நிமிர வேண்டும். அறையில் அக்கா கெஞ்சிச் செய்ய வைத்த பயிற்சி அதுதான். இங்கே அவன் கேட்காமலே செய்தான்.

ஆனால் யாரும் அவனை அடிக்கவில்லை. பந்தை அவனுக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டார்கள். அவன் கல்லைத் தொட்டாலே விளையாட்டு மாஸ்டர் ஷங்கர் கை தட்டினார். தமிழில் இதற்கு ஒப்புக்குச் சப்பாணி என்று பேர். ஆட்டத்தில் இருப்பான், கணக்கில் இருக்க மாட்டான். வாசலில் படம் மாட்டிய பள்ளி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். கவினுக்குப் புரிந்துவிட்டது. கல் அடுக்குவதை நிறுத்திவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றான்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. "அவனையும் அடிங்கடா," என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

அடுத்த பீரியடில் எதிரணியில் இருந்த ரித்விக் அடித்தான். பந்து தோளில் பட்டது. கவின் சரிந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். மாஸ்டர் அவனை அப்படியே தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார்.

பக்கத்து ஐ.டி. கம்பெனியிலிருந்து கவினின் அம்மா தீபிகா வந்து சேர்ந்தார். இதற்குத்தான் பயந்தேன், இனி மைதானம் கிடையாது என்று ஸ்ரீரஞ்சனி மேடம் ஆரம்பித்தார். அவர் முகத்தில் கவலையைவிட நிம்மதிதான் தெரிந்தது என்று அக்கா சொன்னார்.

தீபிகா அக்காவிடம் திரும்பினார். "நீங்களே அடிக்கச் சொன்னீங்களாமே?"

"சொன்னேன். விழுந்ததுக்கு நான்தான் பொறுப்பு."

கவின் இடையில் புகுந்தான். "அம்மா, நான் அவுட் இல்ல. ஏழாவது கல்ல வச்சிட்டேன். அப்புறம்தான் பால் பட்டுச்சு."

பின்னாலேயே வந்து ஆபீஸ் வாசலில் நின்ற ரித்விக் விடவில்லை. "பொய் ஆன்ட்டி. ஆறுதான் இருந்துச்சு."

"உனக்கு எண்ணத் தெரியாது போடா, லூசு."

"நீதான்டா சீட்டிங். லாஸ்ட் கல்லு கீழ கிடந்துச்சு."

நாகரிகமாகப் பேசும்படி ஸ்ரீரஞ்சனி மேடம் இருவரையும் கண்டித்தார். தீபிகா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூல் எப்படி இருந்தது என்று கேட்டால், ஓகே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாத பையன் அவன்.

"பீரியட் முடிஞ்சிடுச்சா?" என்று மகனிடம் கேட்டார்.

"இல்லம்மா."

"அப்ப போ." பிறகு மேடத்திடம் சொன்னார்: "ரூம் காலியானாலும் இவன் கிரவுண்ட்லயே இருக்கட்டும். விழுந்தா நான் வந்து உங்களக் கேக்க மாட்டேன்."

புகார் சொல்லப் பெற்றோரே இல்லாமல் போனபின் மறுப்பதற்கு மேடத்திடம் காரணம் மிஞ்சவில்லை. பார்க்கலாம் என்றார்.

கவின் கட்டுப்போட்ட கையோடு மைதானத்துக்குத் திரும்பினான். ஆனால் வகுப்பே சேர்ந்து அவன் அவுட் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாஸ்டர் பரிதாபப்பட்டு, இன்னொரு சான்ஸ் கொடுக்கலாம் என்றார். கொடுக்கவே கூடாது என்று ரித்விக் கத்தினான். அவுட் ஆனவர்கள் உட்காரும் படிக்கட்டில், இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே, கவின் போய் உட்கார்ந்தான். ஆறா ஏழா என்று அவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அந்தப் பீரியடில் அவன் ஒரு தடவைகூடக் குனிந்து நிமிரவில்லை. பயிற்சிக்கென்று அக்கா அவனை எழுப்பவும் இல்லை.